ஸ்பெயின் கடற்கரையில் கார்த்தஹேனா: போனவர்கள் சொல்லுங்கள், போகாதவர்கள் கேளுங்கள்

தென்காற்று:

ஸ்பெயினுக்குப் போகும் நம்மவர்களின் பயணத்திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. மாட்ரிட், பார்சிலோனா, செவில்லா, கிரனாடா. கடலையும் பார்த்துவிடலாம் என்றால் மலாகா, இல்லாவிட்டால் அலிகாண்டே. முர்சியா மாநிலத்தின் கடலோரத்தில் இருக்கும் கார்த்தஹேனாவை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இந்த இழை.

இது ரிசார்ட் ஊர் இல்லை. கடற்படைத் தளம், நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் தளம், பக்கத்திலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இரண்டு லட்சத்துக்கும் மேல் மக்கள். சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர். உங்களுக்காக அது எதையும் மாற்றிக்கொள்ளாது. எனக்கு அதுதான் பிடித்தது.

கி.மு. 227 வாக்கில் இந்த ஊரை அமைத்தவர் வட ஆப்பிரிக்காவின் பழங்கால நகர அரசான கார்த்தேஜின் தளபதி ஹஸ்த்ரூபல். கி.மு. 218ல் அதே கார்த்தேஜின் ஹன்னிபால் யானைகளோடு இத்தாலிக்குப் படையெடுத்தது இங்கிருந்துதான். அவர் இத்தாலியில் இருக்கும்போதே, கி.மு. 209ல், ரோமின் ஸ்கிப்பியோ வந்து ஊரைப் பிடித்தார். அன்று ஊரின் வடக்கே ஒரு காயல் இருந்தது. அதில் தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து ஒரு படையை உள்ளே நடக்கவிட்டு, காவல் இல்லாத மதில் பக்கமாக ஏறிவிட்டார்கள். அந்தக் காயலைப் பிற்காலத்தில் வடித்துவிட்டார்கள்; இன்று அங்கே அகலமான தெருக்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. ரோமானியர்களுக்கு இந்த ஊர் ஏன் அவ்வளவு முக்கியம்? வெள்ளி. பக்கத்து மலைச் சுரங்கங்களில் 40,000 பேர் வேலை செய்ததாகப் பண்டைய வரலாற்றாசிரியர் பாலிபியஸ் குறித்திருக்கிறார்.

எல்லோரும் முதலில் பார்ப்பது ரோமானிய அரங்கம். 1988ல் ஒரு கைவினை மையம் கட்டத் தோண்டியபோதுதான் அது வெளிப்பட்டது. அதற்கு முன் இப்படி ஒன்று அங்கே புதைந்திருப்பது யாருக்கும் தெரியாது. கி.மு. 5க்கும் 1க்கும் இடையில் கட்டியது. பேரரசர் அகஸ்டஸின் பேரன்கள் கையுஸ், லூசியுஸ் இருவருக்கும் காணிக்கையாக்கிய கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய 6,000 பேர் உட்காரலாம். மேடைத் தூண்களின் தண்டு முலா என்ற பக்கத்து ஊரின் இளஞ்சிவப்புக் கல். தலைப்பகுதி இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த வெள்ளைப் பளிங்கு.

2008ல் திறந்த அதன் அருங்காட்சியகத்தை வடிவமைத்தவர் ரஃபேல் மொனேயோ. மெரிதாவில் ரோமானியக் கலை அருங்காட்சியகத்தைக் கட்டியவரும் அவரே. நகராட்சி மாளிகைக்கு எதிரே ஒரு பழைய அரண்மனை வழியாக உள்ளே போகிறீர்கள். நகரும் படிக்கட்டில் ஏறி, தெருவுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை வழியாகப் போய், ஒரு பழைய தேவாலயத்தின் அடித்தளத்தைக் கடந்து, ஒரு திருப்பம். திடீரென்று முழு அரங்கமும் வெயிலில் உங்கள் முன்னால். அதுவரை அது கண்ணில் படாதபடி பாதையை அமைத்திருக்கிறார். நான் அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

அரங்கத்தின் மேல்வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் அடுத்தடுத்த காலங்கள் தெரியும். அரங்கம் பாழானபின் 5ஆம் நூற்றாண்டில் அதே கற்களை எடுத்து அங்கே சந்தை கட்டினார்கள். அப்புறம் கிழக்கு ரோமானியர்களான பைசாந்தியர்களின் குடியிருப்பு, அதன்மேல் முஸ்லிம்களின் குடியிருப்பு, பிறகு மீனவர் வீடுகள். இருக்கை வரிசையின் ஒரு பகுதியில் ஏறி நிற்கிற பழைய தேவாலயம் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சிதைந்து இன்னும் கூரையில்லாமல் நிற்கிறது. தேவாலயத்தையும் அகற்றவில்லை, அரங்கத்தையும் மூடவில்லை.

போனவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

நீலவானம்:

எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. சொகுசுக் கப்பல் பயணத்தில் கார்த்தஹேனாவில் அரைநாள் நிறுத்தினார்கள். அரங்கம் நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதைத் தாண்டி இரண்டு தெரு உள்ளே போனால் வெறும் மனைகள். சில வீடுகளுக்கு முகப்புச் சுவர் மட்டும் நிற்கிறது, பின்னால் ஒன்றுமே இல்லை, இரும்புச் சட்டம் முட்டுக்கொடுத்திருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குக் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. நகருக்குள் நல்ல கடற்கரையும் இல்லை. ஸ்பெயினுக்கு வாழ்க்கையில் ஒருமுறை போகிறவரை இங்கே அனுப்புவது சரியா? அவர் கோர்தோபாவுக்குப் போகட்டுமே.

மலைமுகடு:

நீலவானம், நீங்கள் பார்த்தது உண்மை. அது ஏன் அப்படி என்று சொல்கிறேன். ஆய்வு வேலைக்காக இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன்.

1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் இந்த ஊரின் தொழில் மொத்தமாகச் சரிந்தது. சுரங்கங்கள், உருக்காலை, உர ஆலை எல்லாம் வரிசையாக மூடின. கப்பல் கட்டும் தளத்திலும் ஆட்குறைப்பு. 1992 பிப்ரவரி 3ஆம் தேதி தொழிலாளர் போராட்டத்தின்போது மாநிலச் சட்டமன்றக் கட்டடமே தீப்பிடித்தது. முர்சியா மாநிலத்தின் தலைநகர் முர்சியா என்றாலும் சட்டமன்றம் இங்கேதான் இருக்கிறது. ஒலிம்பிக், செவில்லா உலகக் கண்காட்சி என்று ஸ்பெயினே விழாக்கோலம் பூண்டிருந்த அதே வருடம்! பழைய நகரத்தை விட்டுப் பலர் போய்விட்டார்கள். நீங்கள் பார்த்த வெற்று மனைகளில் பல அந்தக் காலத்துக் காயங்கள்.

இன்னொரு காரணம் தொல்லியல். பழைய நகருக்குள் எங்கே கடப்பாரை போட்டாலும் ஏதாவது வருகிறது. ஆய்வு முடியாமல் கட்ட முடியாது. முகப்பு பாரம்பரியச் சின்னம் என்றால் அதை இடிக்கவும் முடியாது. அதனால்தான் முட்டுக்கொடுத்த முகப்புகள். மொலினேத்தே குன்றைப் பாருங்கள். ஒரு காலத்தில் மாலுமிகளின் கேளிக்கைத் தெருக்கள் இருந்த இடம், பிறகு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று அங்கே ரோமானியர்களின் குளியல் கூடம், விருந்து மண்டபம், கோயில் எல்லாம் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சுவரில் வண்ண ஓவியம்கூட மிஞ்சியிருக்கிறது. அதற்கான அருங்காட்சியகம் 2021ல்தான் திறந்தது. தோண்டும் வேலை இன்னும் ஓயவில்லை.

கடைகள் மூடியிருந்ததற்கு என்ன செய்வது, மதியம் இரண்டு முதல் ஐந்து வரை ஊர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். கப்பல் பயணிகள் சரியாக அந்த நேரத்தில்தான் நடக்கிறார்கள். மாலை எட்டு மணிக்குக் கயே மயோர் தெருவில் நின்று பாருங்கள். பளிங்குத் தரை பாவிய தெரு, பாட்டி முதல் பேரக்குழந்தைவரை குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். இரவு தங்காதவர்களுக்கு இந்த ஊர் பாதிகூடத் தெரியாது என்பேன்.

அந்தத் தெருவின் அலங்காரக் கட்டடங்களுக்கும் ஒரு கதை உண்டு. 1873 ஜூலையில் கார்த்தஹேனா தன்னைத் தனிக் கான்டன், அதாவது தன்னாட்சிப் பகுதி, என்று அறிவித்து மத்திய அரசை எதிர்த்து நின்றது. கடற்படைக் கப்பல்களும் கோட்டைகளும் கலகக்காரர்கள் கையில் இருந்தன. சொந்தமாக வெள்ளி நாணயம்கூட அச்சடித்தார்கள். 1874 ஜனவரியில் ஊர் வீழ்ந்தபோது பீரங்கிக்குத் தப்பிய வீடுகள் மிகச் சில. அதன்பின் லா உனியோன் என்ற பக்கத்து ஊரின் மலைச் சுரங்கங்களில் ஈயமும் துத்தநாகமும் கொழித்த காலத்தில் சுரங்க முதலாளிகள் பணத்தைக் கொட்டி ஊரை மறுபடி கட்டினார்கள். 1916ல் திறந்த கிரான் ஓட்டல், 1907ல் முடிந்த நகராட்சி மாளிகை எல்லாம் அந்தப் பணம். விக்தோர் பெல்த்ரி என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணம் ஊர் முழுக்க இருக்கிறது. அண்ணாந்து பார்த்து நடக்க வேண்டும்.

கருவேப்பிலை:

சாப்பாட்டை யாருமே தொடவில்லையே! நான் முட்டை சாப்பிடுவேன், மீனும் கறியும் தொடமாட்டேன். என்னைப் போன்றவர்களுக்கு இது.

மரினேரா என்று எல்லாக் கடையிலும் கிடைக்கும். மொறுமொறுப்பான நீள வளைய ரொட்டி, மேலே உருளைக்கிழங்கு மயோனைஸ் கலவை, அதன்மேல் ஒரு நெத்திலி. நெத்திலி வேண்டாம் என்றால் "பிசிக்லேத்தா" என்று கேளுங்கள், மீன் இல்லாமல் தருவார்கள். ஆனால் அந்தக் கலவைக்குள்ளேயே பெரும்பாலும் சூரை மீன் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். மிச்சிரோனெஸ் என்ற உலர்ந்த மொச்சைக் குழம்பைப் பார்த்ததும் ஆசை வரும். அதில் பன்றித் தொத்திறைச்சியும் எலும்பும் போட்டுத்தான் கொதிக்க வைக்கிறார்கள். தவிர்த்துவிடுங்கள். சரங்கோயோ நல்லது: சுரைக்காய் மாதிரி இருக்கும் சுக்கினியும் வெங்காயமும் முட்டையும் போட்டு வதக்கியது. தக்காளி, கத்திரிக்காய் போட்ட பிஸ்தோவும் கிடைக்கும். சுற்றியுள்ள சமவெளி முழுக்கக் காய்கறித் தோட்டம் என்பதால் தக்காளியின் ருசியே தனி.

இனிப்புக்குப் பப்பராஹோதே. எலுமிச்சை இலையை மாவில் தோய்த்துப் பொரித்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவியது. மாவை மட்டும் கடித்துச் சாப்பிட்டுவிட்டு இலையை வைத்துவிட வேண்டும்.

ஆசியாத்திகோ காப்பி இந்த ஊரின் அடையாளம். மில்க்மெய்டு, காப்பி, பிராந்தி, லிகோர் 43, மேலே பட்டைத்தூளும் காப்பிக்கொட்டையும். லிகோர் 43 தயாராவதே இந்த ஊரில்தான். மது வேண்டாதவர்கள் "பொம்போன்" கேளுங்கள். மில்க்மெய்டும் காப்பியும் மட்டும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு கல்தேரோ சோறு. மீன்களையும் ஞோரா என்ற காய்ந்த மிளகாயையும் போட்டுக் கொதித்த சாற்றில் சோறு வேகும், மீன் தனித் தட்டில் வரும், பக்கத்தில் பூண்டு மயோனைஸ். என் கணவர் காபோ தெ பாலோஸ் என்ற மீனவர் கிராமத்தில் சாப்பிட்டார். ஊருக்குத் திரும்பியும் அதே பேச்சுதான்.

வடலி:

நாங்கள் லண்டனிலயிருந்து பிள்ளைகளோட போனனாங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது, முதல்ல நீர்மூழ்கிக் கப்பலைக் காட்டுங்கோ. கடற்படை அருங்காட்சியகத்தில ஐசக் பெரால் செய்த கப்பல் அப்படியே நிக்குது. அவர் 1851ல இந்த ஊரிலதான் பிறந்தவர். 1888ல தண்ணியில இறக்கின அந்தக் கப்பல் பாட்டரி மின்சாரத்தில ஓடினது, டார்பிடோவும் சுட்டது. சோதனை எல்லாம் செய்து காட்டியும் கடற்படை அதை வேண்டாம் எண்டு ஒதுக்கிப்போட்டுது. இண்டைக்கு அதே ஊரில நீர்மூழ்கி கட்டுறாங்கள். 2023ல கடற்படையிட்டக் குடுத்த புதுக் கப்பலுக்கும் ஐசக் பெரால் எண்டுதான் பேர். அந்த மனுசன்ர கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லேக்க எனக்குக் கண் கலங்கினது.

அடுத்தது ஆர்க்குவா, நீரடித் தொல்லியலுக்கான தேசிய அருங்காட்சியகம், துறைமுக ஓரத்தில. 1804ல ஆங்கிலேயக் கப்பல்கள் தாக்கி மூழ்கின மெர்செதெஸ் எண்ட கப்பலின்ர வெள்ளிக் காசுகள் அங்க குவிச்சுக் கிடக்குது. 2007ல ஒரு அமெரிக்க நிறுவனம் கடலுக்கடியில எடுத்துக்கொண்டுபோய், ஸ்பெயின் வழக்குப் போட்டு வெண்டு 2012ல திருப்பி எடுத்தது. அஞ்சு லட்சத்துக்கும் மேல காசு. அதைவிட எனக்குப் பிடிச்சது பழங்காலக் கடல் வணிகரான பினீசியரின்ர யானைத் தந்தங்கள். தந்தத்தில எழுத்து வெட்டியிருக்கு, 2,500 வருசத்துக்கு மேல கடலுக்க கிடந்தது. சனி பின்னேரமும் ஞாயிறும் அங்க காசு இல்லை.

வயசான அம்மா அப்பாவோட போறவை கொன்செப்சியோன் கோட்டைக்கு ஏற யோசிக்க வேண்டாம், லிஃப்ட் இருக்கு. அதுக்குப் பக்கத்திலேயே மலையைக் குடைஞ்ச குண்டுவீச்சுப் பதுங்கிடம் இருக்கு, இப்ப அருங்காட்சியகம். போரைப் பார்த்த ஆக்களுக்கு உள்ள போறது லேசில்லை. என்ர அம்மா வாசலோட திரும்பிட்டா. ஸ்பெயின் உள்நாட்டுப் போர் நேரம், 1936 நவம்பர் 25ல நாலு மணித்தியாலம் விடாமல் இந்த ஊரில குண்டு போட்டவங்கள்.

நீலவானம்:

மலைமுகடு, விளக்கத்துக்கு நன்றி. பின்னணி தெரிந்த பிறகு அந்த முகப்புகளை வேறு மாதிரிதான் பார்ப்பேன். ஆனால் கடற்கரை பற்றிய என் கேள்விக்குப் பதில் வரவில்லை. குளிக்க எங்கே போவது? மார் மேனோர் காயல் பக்கத்தில்தானே? அலையே இல்லாத ஆழமில்லாத தண்ணீர் என்று ஒரு பயண முகவர் வலைத்தளத்தில் போட்டிருந்தார்களே.

மலைமுகடு:

நகருக்கு மிக அருகில் கலா கொர்த்தினா. ஒரு சுரங்கச் சாலையைத் தாண்டினால் சின்ன வளைகுடா, மலை சூழ்ந்தது, தெளிந்த தண்ணீர். ஊர்க்காரர்கள் வேலை முடிந்து வருவதே அங்கேதான். மணல்வெளியும் தனிமையும் வேண்டுமென்றால் கால்பிளாங்கே இயற்கைப் பூங்கா. ஓட்டலோ கட்டடமோ இல்லாத கடற்கரை. தண்ணீர், சாப்பாடு, குடை எல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும், நிழலே கிடையாது. கோடையில் கார்களை உள்ளே விடுவதில் கட்டுப்பாடு உண்டு.

மார் மேனோரைப் பற்றி மனம் வருந்தாமல் எழுத முடியவில்லை. சுமார் 135 சதுர கிலோமீட்டர் உப்புக் காயல், எங்கும் 7 மீட்டருக்கு மேல் ஆழமில்லை. கடலுக்கும் அதற்கும் நடுவே 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மணல் திட்டு. அதன்மேல் முழுக்க அடுக்குமாடிகள். 1979ல் தாஹோ ஆற்றுத் தண்ணீரைக் கால்வாயில் இங்கே கொண்டுவந்த பிறகு சமவெளி முழுக்கப் பாசன விவசாயம். வயலுக்குப் போட்ட உரத்தின் நைட்ரேட் காயலில் இறங்கி, பாசி பெருகி, தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாமல் போனது. 2019 அக்டோபரிலும் 2021 ஆகஸ்டிலும் மீன்களும் இறால்களும் செத்துக் கரையில் ஒதுங்கின. டன் கணக்கில்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. ஆறு லட்சத்துக்கும் மேல் கையெழுத்துத் திரட்டி நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோய், 2022ல் மார் மேனோருக்கே சட்டப்படி ஆளுரிமை பெற்றுத் தந்தார்கள். ஐரோப்பாவில் ஒரு நீர்நிலைக்கு அந்த உரிமை கிடைத்தது அதுதான் முதல்முறை. காயலின் பெயரால் யாரும் வழக்குத் தொடரலாம். எதிர்த்துப் போட்ட மனுவை 2024ல் அரசியலமைப்பு நீதிமன்றமும் தள்ளிவிட்டது.

குளிக்கலாமா என்றால், கரைக்குக் கரை, மாதத்துக்கு மாதம் நிலைமை மாறும். அந்த வாரத்து நீர்த்தரத்தை மாநில அரசின் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். குளிக்காவிட்டாலும் போய்ப் பாருங்கள். கார்த்தஹேனாவிலிருந்து ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன ரயில், லா உனியோன் வழியாகக் காயல் கரையில் லொஸ் நியேத்தோஸ் வரை போகிறது.

தென்காற்று:

லா உனியோன் என்றதும் ஒன்று. சுரங்கத் தொழிலாளர்களின் வலியிலிருந்து பிறந்த ஃப்ளாமெங்கோ பாடல்முறை இங்கே உண்டு. 1961 முதல் ஒவ்வொரு கோடையிலும் பழைய சந்தைக் கட்டடத்தில் அதற்கான போட்டி விழா நடக்கிறது. பாட்டில் ஆர்வம் இருந்தால் ஆகஸ்டு வெயிலையும் பொறுத்துக்கொண்டு போகலாம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் போர்த்மான். 1957 முதல் 1990 வரை சுரங்கக் கழிவை நேராகக் கடலில் கொட்டினார்கள், ஏறத்தாழ 57 மில்லியன் டன். ஆழமான இயற்கைத் துறைமுகம் தூர்ந்து, கரை அரை கிலோமீட்டருக்கும் மேல் கடலுக்குள் தள்ளிப்போனது. பழைய படகுத்துறைக்கு முன்னால் இன்று கருமணல். அழகான இடம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அரங்கத்தின் பளிங்கையும் கிரான் ஓட்டலின் மாடத்தையும் பார்த்தவர்கள், அந்தச் செல்வம் வந்த மலை கடைசியில் கடலை என்ன செய்தது என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

மேற்குப் பக்கம் காபோ தினியோசோ முனையில் கஸ்தியீத்தோஸ் பீரங்கித் தளம். 38.1 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள இரண்டு விக்கர்ஸ் பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்து நிற்கின்றன. 35 கிலோமீட்டர் வரை குண்டு போகும். வாசலை இடைக்காலக் கோட்டை மாதிரி கட்டியிருக்கிறார்கள். பேருந்து கிடையாது, வாடகைக் கார்தான். கடைசிச் சில கிலோமீட்டர் குறுகலான வளைவுகள், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கக் கொஞ்சம்தான் இடம். மலைச்சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் மட்டும் ஓட்டுங்கள்.

கருவேப்பிலை:

கால்பிளாங்கே பக்கம் நடைபயணம் போகிறவர்கள் வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். ஸ்பெயினிலேயே மழை மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று இது. ஜூன் கடைசியிலேயே கொளுத்துகிறது.

ரயில்பயணி:

புதியவன். இவ்வளவு படித்த பிறகு போகாமல் இருக்க முடியாது போலிருக்கிறது. விமானம் தேடினால் கார்த்தஹேனா என்று கொலம்பியா காட்டுகிறது. எப்படிப் போவது? எந்த மாதம்?

மலைமுகடு:

சி.டி.ஜி என்ற விமான நிலையக் குறியீடு கொலம்பியாவில் இருக்கும் ஊருடையது. அதைத் தொடவே தொடாதீர்கள். இந்தக் கார்த்தஹேனாவுக்குத் தனி விமான நிலையம் இல்லை. அருகில் இருப்பது கொர்வேரா, முர்சியா விமான நிலையம். ஆனால் அதற்கு வரும் விமானங்கள் குறைவு. அலிகாண்டேயில் இறங்கிப் பேருந்து பிடிப்பது பலருக்கு வசதி. மாட்ரிட்டிலிருந்து வருவதானால் அதிவேக ரயில் முர்சியா வரை வருகிறது. அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கார்த்தஹேனாவுக்கான பாதையில் வேலை நடந்துகொண்டிருப்பதால் ரயில் நேரங்கள் மாறுகின்றன. டிக்கெட் போடும் முன் ஸ்பெயின் ரயில் நிறுவனமான ரென்ஃபேயின் தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள்.

தங்குவதற்குக் குறைந்தது இரண்டு இரவு. திங்கட்கிழமையைத் தவிருங்கள், முக்கியமான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும்.

மாதம் என்றால் என் விருப்பம் ஏப்ரல், மே, அக்டோபர். செப்டம்பர் இரண்டாம் பாதியில் கார்த்தேஜியர், ரோமானியர் திருவிழா. 1990ல் தொடங்கியது. ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து, உடை தைத்து, பாசறை போட்டு, ஹன்னிபாலின் திருமணத்தையும் ஸ்கிப்பியோவின் முற்றுகையையும் நடித்துக் காட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஆண்டு முழுக்க அதற்காகவே பணம் சேர்க்கிறார். ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் இன்னும் ஒரு படி மேல். மற்ற ஊர்களில் ஊர்வலத்தில் வருகிறவர்கள் கலைந்து நடப்பார்கள். இங்கே முரசுக்கு ஒரே சீராக அடியெடுத்து வைப்பார்கள். முரசு நின்றால் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கணத்தில் அசைவில்லாமல் நிற்பார்கள். செவ்வாய் இரவு புனித பேதுருவின் சிலை கடற்படைத் தளத்துக்குள்ளிருந்து புறப்படும். அவர் பெயரே தளத்தின் ஊழியர்போல "பெத்ரோ மரினா கார்த்தஹேனா". அதிகாரியிடம் அனுமதி வாங்கித்தான் வெளியே வருவார். அந்த வாரத்துக்கு அறை வேண்டுமென்றால் ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள்.

ரயில்பயணி:

ஏப்ரலுக்குப் பார்க்கிறேன். அந்தச் செவ்வாய் இரவு ஊர்வலத்தைக் குழந்தையோடு நின்று பார்க்க எந்த இடம் வசதி?

மலைமுகடு:

தளத்தின் வாசலில் நெரிசல் அதிகம், வேண்டாம். கயே மயோர் தெருவில் நாற்காலிகளை வாடகைக்கு விடுவார்கள். அங்கே முன்வரிசை பிடித்துக்கொள்ளுங்கள். இரவு குளிரும், குழந்தைக்கு ஒரு மேல்சட்டை எடுத்துப் போங்கள்.